முப்பதாம் நாள் வரை

குழந்தைகளுக்கான இருதய ரணசிகிச்சைப் பிரிவொன்றில், நோய்த்தொற்றைக் கண்காணித்துக் கணக்கெழுதும் உத்தியோகத்தைச் சென்னையில் நெடுங்காலம் பார்த்தவள் நான். இருதயத்தில் துவாரத்தோடு பிறந்த குழந்தைக்கு அதை அடைத்துக் கொடுக்கும் வைத்தியரை ஊரார் அறிவார்கள். மயக்கமருந்து கொடுப்பவரையும் இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியரையும் பெற்றோர்கள் ஆயுளுக்கும் நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால், ஆபரேஷன் முடிந்த பிறகு அக்குழந்தையின் காயத்திலோ ரத்தத்திலோ நுரையீரலிலோ கிருமி புகுந்ததா, புகுந்திருந்தால் எந்த நாளில், எந்த மார்க்கமாக என்பதைத் தினந்தோறும் விசாரித்துக் குறித்து வைப்பதற்கென்று ஒருவர் இருக்கிறார் என்பதும், அவர் குறிக்கும் எண் மெய்யானதாக இருந்தால்தான் அடுத்த கட்டிலுக்கு வரும் குழந்தையின் அபாயம் குறையும் என்பதும் அதிகம் பேசப்படாத விஷயங்கள். அந்த எண்ணைப் பற்றி என் அனுபவம் எனக்குக் கற்பித்ததை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான் இப்பணிக்கு வந்த 1990-களின் தொடக்கத்தில் கணக்கு என்பது வார்டு மேஜையில் கிடந்த ஒரு நீள நோட்டுத்தான். குழந்தையின் பெயர், வயது, ஆபரேஷன், தேதி, தொற்று உண்டா இல்லையா என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுத எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. 'உண்டு' என்று எழுதுவதற்கு மட்டும் பெரிய டாக்டர் வாய்திறந்து சொல்லியாக வேண்டும். அவர் பொய் சொல்கிறவர் அல்லர். ஆனால், தம் கையால் தைத்து மூடிய மார்பு பழுதாகிவிட்டதென்று ஒப்புக்கொள்ள எந்த மனமும் லேசில் இசைவதில்லை ஆகையால், தையலோரம் சிவந்தால் 'பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை' என்றும், ஈரம் கசிந்தால் 'கொழுப்புக் கரைந்து வருகிறது' என்றும், இரண்டாம் நாள் உடம்பு சுட்டால் 'பம்ப் காய்ச்சல்' என்றும் கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்.

இந்த விளக்கங்களெல்லாம் சில குழந்தைகளின் விஷயத்தில் முற்றிலும் உண்மையாகவும் இருக்கும் என்பதே இத்தொழிலின் பெரிய சங்கடம். குழந்தையின் ரத்தம், 'பம்ப்' என்று நாங்கள் சொல்லும் இருதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களுக்குள் ஓடித் திரும்பும்போது, அந்த அந்நியப் பரப்பைத் தொட்ட மாத்திரத்திலேயே உடம்பு முழுதும் ஒரு கிளர்ச்சி உண்டாகிறது; கிருமி ஒன்றுகூட இல்லாமலே காய்ச்சல் அடிக்கும், வெள்ளணுக்கள் பெருகும், சி.ஆர்.பி. என்னும் பரிசோதனை அளவு உயரும். மற்ற வார்டுகளில் தொற்றின் அறிகுறி என்று எவற்றைப் பாடமாகக் கற்கிறோமோ, அவை எல்லாமே இங்கே ஆபரேஷனின் சாதாரண விளைவுகளாகவும் வந்து நிற்கும். ஆகவே, குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் எழுதிவிடக்கூடிய கணக்கல்ல இது.

கேஸ் ஷீட்டை மட்டும் நம்பினால் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தபின், வேறு மூன்று இடங்களைப் படிக்கப் பழகிக்கொண்டேன். மருந்தகத்துக்குப் போகும் இன்டென்ட் சீட்டு ஒன்று. ஆறாம் நாள் மாலையில் ஒரு குழந்தைக்கு வான்கோமைசின், மெரோபெனம் போன்ற வீரியமான ஆன்டிபயாடிக்கைக் கேட்டிருந்தால், அந்தக் குழந்தையைப் பற்றி யாரோ ஒரு டாக்டர் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். கிருமியியல் ஆய்வகத்தின் மேஜைக் குறிப்பு மற்றொன்று. மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோன குழந்தைகளின் பட்டியல் மூன்றாவது. 'காயத்தைச் சுத்தம் செய்தல்' என்ற மூன்று சொற்களுக்குப் பின்னால், மார்பெலும்பு வரைக்கும் இறங்கிவிட்ட தொற்று ஒளிந்திருந்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன். இம்மூன்றையும் வார்டு நோட்டோடு ஒப்பிட்டுப் படித்த முதல் ஆண்டிலேயே, நோட்டில் 'இல்லை' என்று முடிந்திருந்த பல வரிகளின் பக்கத்தில் கேள்விக்குறி போட நேர்ந்தது.

கேள்விக்குறி போட்டால் மட்டும் போதாது. எதைத் தொற்று என்பது என்பதற்கு எல்லோரும் ஒப்பும் பிரமாணம் வேண்டும். அமெரிக்காவில் அட்லாண்டாவிலுள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1970-இலேயே ஆஸ்பத்திரித் தொற்றுக்கான தேசியக் கண்காணிப்பைத் தொடங்கி, நாளடைவில் ஒவ்வொரு வகைத் தொற்றுக்கும் இலக்கணம் வகுத்து வெளியிட்டிருந்தது. அதன் நகல் எங்கள் கைக்கு வந்த பிறகுதான் வாதங்கள் ஓர் ஒழுங்குக்கு வந்தன. மேல்தோலில் நிற்கும் காயத்தொற்றுக்கு ஆபரேஷன் நாளிலிருந்து 30 நாள் வரை கணக்கு. ஆழத்துக்கு இறங்கிய தொற்றுக்கு, இருதய ஆபரேஷனானால், இப்போதைய விதிப்படி 90 நாள். தையல் ஊசி நுழைந்த புள்ளியில் மட்டும் எழும் சிறு கொப்புளம் காயத்தொற்று ஆகாது. நெஞ்சிலிருந்து ரத்தம் வடிக்க வைத்த டிரெயின் குழாயின் துவாரத்தில் சீழ் வந்தால் அதுவும் அந்தத் தலைப்பில் சேராது. இந்த விதிகளால் என் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீங்கவும் செய்தன. அப்படி நீக்கியதைக் கண்ட பிறகே டாக்டர்கள் என்னை நம்பினார்கள். குற்றம் தேடுகிறவள் என்ற அபிப்பிராயம் போய், விதிப்படி எழுதுகிறவள் என்ற மதிப்பு வந்தது. கணக்கெழுதுகிறவருக்கு அதைவிடப் பெரிய மூலதனம் கிடையாது.

ஆனால் எவ்வளவு நல்ல விதியும், அதற்குக் கொடுக்கப்படும் பரிசோதனை நன்றாக இருந்தால்தான் பலிக்கும். மனிதத் தோலிலே சாதாரணமாக வாழும் கிருமி ரத்தப் பரிசோதனையில் வளர்ந்தால், வெவ்வேறு சமயங்களில் எடுத்த இரண்டு கல்ச்சர்களில் அதே கிருமி வந்தாலொழிய அதை ரத்தத்தொற்று என்று எண்ணக்கூடாது என்பது விதி. ஊசி குத்தும்போது தோலிலிருந்தே அது குப்பிக்குள் போயிருக்கக்கூடும் அல்லவா? மிகவும் நியாயமான விதி. ஆயினும், மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையிடம் ஒரு தடவை ரத்தம் எடுப்பதே பெரும் பிரயாசை. நள்ளிரவில் பணியிலிருக்கும் இளம் டாக்டர், நரம்பு கிடைக்காமல் தவித்து, அரை மில்லி எடுத்து ஒரே ஒரு குப்பியில் விட்டு அனுப்புவார். சில சமயம் ஆன்டிபயாடிக்கை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு எடுப்பார். அளவு குறைந்தால் கிருமி அகப்படாமல் போகும். மருந்து முந்திக்கொண்டால் இருக்கிற கிருமியும் வளராமல் போகும். ஒரே குப்பியானால் வளர்ந்தது தொற்றா தோல்கிருமியா என்று தீர்மானிக்கவே முடியாமல் போகும். மூன்று வழியிலும் நோட்டில் ஏறுவது 'இல்லை' என்ற சொல்தான். ஆகவே, இரவுப்பணி டாக்டர்களுக்கு ரத்தம் எடுக்கும் முறையைக் கற்பிப்பதையும் கணக்கெழுதும் வேலையின் ஒரு பாகமாகவே நான் வைத்துக்கொண்டேன். புதிதாக வரும் ஒவ்வொரு குழுவுக்கும் அதை மறுபடி கற்பிக்க வேண்டியிருந்தது.

'குழந்தை இந்த நோயோடுதானே வந்தது?' என்ற வாதமும் தினப்படி எழும். பெரிய துவாரத்தோடு பிறந்து, பால் குடிக்கவும் திராணியின்றி, எடை கூடாமல், மாதத்துக்கொரு தடவை நிமோனியாவில் படுத்தெழுந்து எங்களிடம் வரும் குழந்தைகள் அநேகம். அவர்களுக்கு நுரையீரலில் தொற்று தெரிந்தால் அது வீட்டிலிருந்து வந்ததா, எங்கள் வென்டிலேட்டரிலிருந்து வந்ததா? அனுமதித்த நாளை முதல் நாளாக வைத்து, மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ தெரிந்தால் அது ஆஸ்பத்திரியினுடையது என்று விதி சொல்கிறது. இந்த எல்லைக்கோடு சில குழந்தைகளின் விஷயத்தில் அநியாயமாகப்படலாம். ஆனால் எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே கோடு என்பதே அதன் நியாயம். கோட்டை நம் வசதிக்கு நகர்த்தத் தொடங்கினால், நம் எண்ணைப் பிறருடைய எண்ணோடும் வைத்துப் பார்க்க முடியாது, சென்ற ஆண்டின் நம் எண்ணோடும் வைத்துப் பார்க்க முடியாது.

தொற்றுகளை எண்ணுவதில் காட்டும் சிரத்தையில் பாதியைக்கூட, எதனால் அதை வகுக்கிறோமோ அந்த எண்ணில் பலரும் காட்டுவதில்லை. கழுத்து நரம்பு வழியாகவோ தொடை வழியாகவோ போட்ட சென்ட்ரல் லைன் என்னும் குழாயினால் வரும் ரத்தத்தொற்றை, ஆயிரம் லைன் நாட்களுக்கு எத்தனை என்று சொல்லுவது வழக்கம். தினமும் ஒரே நேரத்தில், எத்தனை குழந்தைகளுக்கு லைன் இருக்கிறது என்று எண்ண வேண்டும். ஒரு குழந்தைக்கு இரண்டு லைன் இருந்தாலும் ஒரு நாள்தான். வாரநாட்களில் இது கிரமமாக நடக்கும். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் பொங்கலும் வரும்போது எண்ணிக்கை விட்டுப்போய், திங்களன்று உத்தேசமாக ஒரு தொகை எழுதப்படும். 600 லைன் நாட்களில் மூன்று தொற்று என்றால் வீதம் ஐந்து. உத்தேசம் என்ற பெயரில் அந்த 600 சற்றே வீங்கி 750 ஆனால், ஒரு கிருமியும் குறையாமலே வீதம் நான்காகிவிடும். குழந்தைகளுக்கு எந்த லாபமும் இல்லாமல் வரைபடத்தில் மட்டும் வரும் இந்த முன்னேற்றத்தைக் கண்டு கைதட்டிய கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதன்பின், விடுமுறை நாளில் எண்ணிக் கையெழுத்திட வேண்டிய செவிலியரின் பெயரைப் பணிப்பட்டியலிலேயே முன்கூட்டி எழுதிவிடும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். அந்த எளிய ஏற்பாடு பல பயிற்சி வகுப்புகளைவிட அதிகம் சாதித்தது.

என் வேலையின் பெரும்பகுதி, குழந்தை வீட்டுக்குப் போன பிறகே தொடங்கிற்று என்று சொன்னாலும் மிகையாகாது. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ டிஸ்சார்ஜ் ஆகிவிடும் குழந்தைக்கு, விதிப்படி 30 நாள் கணக்கு பாக்கி இருக்கிறது. காயத்தொற்று பல சமயங்களில் தலைகாட்டுவது வீட்டில்தான். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும், ஏன், மேற்கு வங்காளத்துக்கும் வங்காள தேசத்துக்கும் திரும்பிவிட்ட குழந்தையின் மார்பை நான் எப்படிப் பார்ப்பது? தொடக்கத்தில் தபால் அட்டை கொடுத்து அனுப்பினோம். சொற்பமே திரும்பி வந்தன. பிறகு பக்கத்துக் கடையின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, கடைக்காரர் ஆளனுப்பி அழைத்து வரும் வரை காத்திருந்து பேசினோம். கைபேசிகள் பரவிய பிறகு காத்திருப்பு நீங்கியது. எண்ணை மாற்றிவிடும் வழக்கம் புதிதாக வந்தது. ஆகவே தாய், தகப்பன், மாமன் என்று மூன்று எண்களை டிஸ்சார்ஜ் சீட்டோடு வாங்கிக்கொள்ளவும், எதிலும் கிடைக்காவிட்டால் அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரைத் தேடிப் பேசவும் கற்றுக்கொண்டோம்.

அப்படி ஒரு நாள் பேசியபோது ஒரு தாய் சொன்னதை நான் மறக்கவில்லை. "புள்ள நல்லாத்தான் இருக்கான் சிஸ்டர். நெஞ்சுல கீழ்ப்பக்கம் மட்டும் ஈரமா இருந்துச்சு. இங்க டாக்டர்கிட்ட காட்டினோம், அழுத்தி எடுத்துட்டு ஊசி போட்டாரு, சரியாப் போச்சு. அவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணி உசுரக் காப்பாத்திக் கொடுத்திருக்கீங்க, இதைப் போய் உங்ககிட்ட எதுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டோம்" என்றார். நன்றியுணர்ச்சியால் மறைந்துபோன தொற்று அது. எங்கள் நோட்டில் அந்தக் குழந்தை 'இல்லை' என்றே இருந்தது. சிகிச்சை செய்த உள்ளூர் டாக்டருக்கோ எங்களுக்கு எழுதவேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. அன்று முதல், "குழந்தை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "காயத்தில் ஈரம் வந்ததா? வேறு டாக்டரிடம் காட்டினீர்களா? ஊசியோ மாத்திரையோ கொடுத்தார்களா?" என்று தனித்தனியாகக் கேட்கும்படி, தொலைபேசியில் விசாரிக்கும் எங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கேள்வி மாறியதும் பதிலும் மாறியது.

இப்படித் தேடத் தொடங்கிய ஆண்டில் எங்கள் காயத்தொற்று வீதம் ஏறியது. ஏறாமல் எப்படி இருக்கும்? நேற்று வரை காணாததை இன்று கண்டோம், அவ்வளவே. ஆனால் நிர்வாகக் கூட்டத்தில் அந்தக் கோடு மேல்நோக்கிப் போவதைப் பார்த்தவர்கள், தியேட்டரில் ஏதோ கெட்டுப்போயிற்று என்று பதறினார்கள். வெளியே போகும் அறிக்கையில் டிஸ்சார்ஜ் வரைக்குமான எண்ணை மட்டும் காட்டலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். மூத்த அறுவை வைத்தியர் ஒருவர் எழுந்து, 'என் குழந்தைகளில் எத்தனை பேருக்குக் காயம் பிரிந்தது என்று இத்தனை நாள் எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. இனித் தெரிய வேண்டும்' என்று சொல்லி அந்த யோசனையை முடித்துவைத்தார். அதன் பிறகு மாதந்தோறும் ஒவ்வொரு வைத்தியருக்கும் அவருடைய எண்ணை உறையிலிட்டுக் கொடுக்கும் வழக்கம் வந்தது. 1985-இல் வெளியான அமெரிக்கப் பேராய்வொன்று, கண்காணிப்பும் தடுப்பும் சேர்ந்து நன்றாக நடந்த ஆஸ்பத்திரிகளில் தொற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று கண்டது. காயத்தொற்றைப் பொறுத்தவரை, வைத்தியர்களுக்கு அவரவர் வீதத்தைத் தெரிவிப்பதும் அந்த நல்ல ஏற்பாட்டின் ஓர் அங்கமாகச் சொல்லப்பட்டிருந்தது. எங்கள் பிரிவிலும் உறைகள் போகத் தொடங்கியபின், ஆபரேஷனுக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டிய நேரம் தவறுவது குறைந்தது. காரணம் கேட்க ஆள் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

எண் தவறினால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்திலே இரண்டு சாட்சிகள் உண்டு. பிரிஸ்டல் நகரத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் இருதய ஆபரேஷன்களைப் பற்றி இயன் கென்னடி தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2001-இல் வெளிவந்தது. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 30 முதல் 35 பேர், வேறு சாதாரணப் பிரிவொன்றில் எதிர்பார்க்கக் கூடியதைவிட அதிகமாக அங்கே இறந்திருந்தார்கள் என்று அது கண்டது. எண்கள் அங்கே இல்லாமலில்லை. ஒன்றுசேர்த்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் பொறுப்பைத்தான் எவரும் ஏற்கவில்லை. இதற்கு நேர்மாறாக, 2013-இல் லீட்ஸ் நகரத்துப் பிரிவில் மரண வீதம் அதிகமென்ற ஐயத்தால் ஆபரேஷன்கள் சில நாட்கள் நிறுத்தப்பட்டன. ஐயத்துக்குக் காரணமான விவரங்கள் முழுமையாக இல்லை என்று பிறகு தெரிந்து, மறுபடி தொடங்கப்பட்டன. ஓரிடத்தில் பார்க்கப்படாத எண் தீங்கை மறைத்தது. மற்றோரிடத்தில் அரைகுறையான எண் ஒரு பிரிவின் கதவையே சாத்தியது. இரண்டும் மரணத்தைப் பற்றிய எண்கள். மரணத்தை எண்ணுவதிலேயே இத்தனை இடறல் என்றால், விதியும் விசாரிப்பும் இல்லாமல் கண்ணுக்கே தெரியாத தொற்றை எண்ணுவதில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்!

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையினர் முன்னின்று, வளரும் நாடுகளின் குழந்தை இருதய ரணசிகிச்சைப் பிரிவுகளை ஒரே பதிவேட்டில் சேர்த்த முயற்சியை இத்துறையில் நான் கண்ட பெரிய மாறுதலாகக் கருதுகிறேன். 2010 முதல் 2012 வரை, 17 நாடுகளின் 28 பிரிவுகளிலிருந்து 15,000-க்கும் மேற்பட்ட ஆபரேஷன்களின் விவரம் அதில் திரண்டது. மரணத்தோடு தொற்றையும் சேர்த்து எண்ணினார்கள். தொற்றைக் குறைப்பதையே மூன்று பிரதான நோக்கங்களில் ஒன்றாக வைத்தார்கள். அனுப்பிய விவரம் மெய்தானா என்று நேரில் வந்து கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் தணிக்கையும் உண்டு. இப்படிப்பட்ட தணிக்கை ஒன்றுக்கு உட்கார்ந்தபோது, தொற்று என்று குறித்த குழந்தைகளின் கோப்புகளை நான் அடுக்கி வைத்திருந்தேன். வந்தவர் அவற்றைச் சீக்கிரமே பார்த்து முடித்துவிட்டு, 'இல்லை என்று குறித்த குழந்தைகளின் கோப்புகளைக் கொண்டுவாருங்கள். நான் சொல்லும் எண்களை எடுங்கள்' என்றார். தொற்றுக் கணக்கைச் சோதிக்கும் சரியான முறை அதுவே. 'உண்டு' என்ற வரிக்கு எப்போதும் ஆதாரம் இருக்கும். பிழை ஒளிந்திருக்கக்கூடிய இடம் 'இல்லை' என்ற வரிதான்.

எவ்வளவு ஒழுங்காக எண்ணினாலும் விதிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் நான் பார்க்க நேர்ந்தது. திறந்த இருதய ஆபரேஷனின்போது ரத்தத்தின் உஷ்ணத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியில், மைக்கோபாக்டீரியம் கைமீரா என்னும் மெதுவாக வளரும் கிருமி குடியேறி, விசிறிக் காற்றோடு தியேட்டரில் பரவிக் காயத்தில் இறங்குகிறது என்று, 2010-களின் நடுவில் ஸ்விட்சர்லாந்திலும் பிற நாடுகளிலும் கண்டுபிடித்தார்கள். நோய் வெளிப்பட்டதோ மாதங்களும் ஆண்டுகளும் கழித்து. 30 நாளும் 90 நாளும் எண்ணுகிற கணக்குகள் எதிலும் அது அகப்பட்டிருக்க வழியில்லை. விதியைக் கடைப்பிடிப்பவர், விதிக்கு வெளியே வருகிற விசித்திரமான ஒரு கேஸையும் ஒதுக்கிவிடாமல் தனித்தாளில் எழுதி வைக்க வேண்டும் என்பதே நான் அதில் கண்ட பாடம்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆய்வக முடிவும் மருந்துச் சீட்டும் தாமாகவே ஒரே திரையில் வந்து சேர்கின்றன. நான் மூன்று இடங்களுக்கு நடந்து சேகரித்ததை அது ஒரு கணத்தில் காட்டுகிறது. மகிழ்ச்சிதான். ஆயினும், எடுக்காத கல்ச்சரை அது காட்டாது. ஊருக்குப் போய்விட்ட குழந்தையின் மார்பைப் பார்க்காது. கேட்காத கேள்விக்குத் தாயின் பதிலைப் பெற்றுத் தராது. அவற்றுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள், யாருடைய கைவேலையை எண்ணுகிறாரோ அவரிடம் சம்பள உயர்வுக்குக் கைகட்டி நிற்காதவராகவும் இருக்க வேண்டும்.

இத்தொழிலுக்கு வரும் இளம் செவிலியருக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் எண் உயர்ந்தால் அஞ்சாதீர்கள், எந்தக் குழந்தைகளால் உயர்ந்தது என்று பெயர் சொல்ல முடியுமானால் அது உங்கள் பலம். நிர்வாகிகளுக்கு: முழுநேரமும் இந்த வேலைக்கே ஒருவரை நியமியுங்கள், முப்பதாம் நாள் அழைப்புக்கு ஆளும் நேரமும் ஒதுக்குங்கள். குழந்தையை ஆபரேஷனுக்கு அழைத்துவரும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: 'இங்கே தொற்று எவ்வளவு?' என்று கேட்பதோடு நிற்காமல், 'எத்தனையாம் நாள் வரை எண்ணுகிறீர்கள், வீட்டுக்குப் போன பிறகு எங்களை யார் கூப்பிட்டு விசாரிப்பார்கள்?' என்றும் கேளுங்கள். அதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் ஆஸ்பத்திரியின் எண், பார்வைக்குச் சற்றுப் பெரிதாக இருந்தாலும், நம்பத்தக்கது.